மேல் அறை அக்லியின் மூன்று மொழிகள்

7 மார்ச் 1995, டூட்டிங், லண்டன்
இன்றும் ஓர் அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பு. யாழ்ப்பாணப் பெடியன். "அவனை" என்று மொழிபெயர்க்கும் நாங்கள் சொல்லக்கூடாது, "என்னை" என்றுதான் சொல்லவேண்டும், அதுதான் முறை. என்னைத் தலைகீழாகக் கட்டினார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பெடியன் அழுதான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு ஒன்றுமில்லை. வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். நல்ல பிஞ்சு.

12 மார்ச்
மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் அல்ஜீரியாக்காரன் அக்லி குசினிக்கு வந்து தேநீர் குடித்தான். தாயோடு பேசுவது கபைலாம், அது மலைப்பக்கத்து மொழி. சந்தையிலும் அரசாங்கக் கந்தோரிலும் அரபு. கணக்குப் பார்க்கவும் ஆட்களைத் திட்டவும் பிரெஞ்சு, நாட்டை ஆண்ட வெள்ளைக்காரர் விட்டுப்போனது. கல்யாணமான நாள் முதல் நானும் இவரும் ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பதைச் சொன்னேன். சிரித்தான்.

3 ஏப்ரல்
அக்லியின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். தம்பியைப் பிடித்துப்போனதைப் பற்றி இரண்டு வசனம்தான் சொன்னானாம்; ஆகவே நம்பவில்லை. விசாரணையில் மொழிபெயர்ப்பு அரபில். "அரபு தெரியும்தானே, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். தம்பியை இழுத்துப்போனவர்கள் அரபில்தான் கத்தினார்களாம். மொழிபெயர்த்தவர் தங்கமான மனிதர், ஆனாலும் வாய் வரவில்லை என்றான்.
கேட்டிருக்கக்கூடாது. நானா இதைக் கேட்டேன்?

4 ஏப்ரல்
எண்பத்தாறில் என் அகதி விசாரணையில் எனக்கும் மொழிபெயர்க்க ஒரு சிங்களவரை வைத்தார்கள். இலங்கை என்றால் ஒரு பாஷை என்று நினைத்திருப்பார்கள். அவரும் நல்ல மனிதர், தண்ணீர் எடுத்துத் தந்தார். அண்ணையைக் கொண்டுபோனவர்களின் பாஷையில் அண்ணையைப் பற்றி எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை.

10 ஏப்ரல்
பிடித்துப்போனவர்களின் பாஷையில் ஏன் வாய் வராது என்று அக்லியின் மேன்முறையீட்டில் சொல்ல வருகிறேன் என்று அவனுடைய வக்கீலிடம் சொன்னேன். வீட்டில் இவர் துள்ளினார். "உனக்கென்ன விசரே, கௌரி? மொழிபெயர்க்கிறவள் சாட்சி சொன்னது ஏஜென்சிக்குத் தெரிஞ்சால் இனி உன்னைக் கூப்பிடமாட்டாங்கள்."
"கூப்பிடாட்டி விடட்டும்."
பயமும் இல்லை, துணிவும் இல்லை. வாய் சொன்னது, அவ்வளவுதான்.

11 ஏப்ரல்
வேலை. சோறு. நித்திரை.

20 ஜூன்
நீதிபதி முன் சொன்னேன். கபைல் பேசும் ஒருவரைப் பிடித்து வாருங்கள் என்று தவணை போட்டார்.

19 செப்டெம்பர்
கபைல் தெரிந்த ஒரு பெண்ணை வக்கீல் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். அக்லி வாய் திறந்தான். இந்த அமைதியான ஆளுக்குள் இவ்வளவு பேச்சா! அந்தப் பெண் நீதிபதியின் பக்கம் குனிந்து மெதுவாகத்தான் ஆங்கிலத்தில் சொன்னாள்; பின் வரிசை வாங்கில் இருந்த எனக்கு அது கேட்கவில்லை. அக்லியின் குரல் மட்டும் கேட்டது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை பேருடைய கதையை வரிக்கு வரி விளங்கிச் சொல்லியிருக்கிறேன், ஒரு சொட்டு வந்ததில்லை. இதற்குப் போய்— என்ன இது, அடக்கவே ஏலாமல் கிடந்தது. மூக்கைச் சீறிக்கொண்டு வெளியே போய் நின்றேன்.

6 ஒக்டோபர்
அக்லி இந்த நாட்டில் இருக்கலாம் என்று தீர்ப்பு. அந்தப் பிள்ளை படியில் தலைகால் தெரியாமல் ஓடி வந்து சொன்னான்.
ஏஜென்சி ஜூனுக்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.
பின்னேரம் இவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணையைப் பிடித்தது இவருக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டதில்லை, கேட்க நானும் விட்டதில்லை.
"அண்ணையைப் பிடிச்ச அண்டைக்கு நான் கதவுக்குப் பின்னால நிண்டனான்," என்றேன்.
இவர் ரீவியை நிறுத்தினார்.
"பிறகு?" என்றார்.
சொன்னேன்.