வலது கைக்கு எட்டும் எழுத்துகள்

புதன், ஜூலை 9

காலையிலேயே புழுக்கம். கேஸ் புக் செய்ய வேண்டும். பிசியோ 4 மணி.

ராகவன் சார் போன். திங்கட்கிழமை தி.நகர் ஆபீசுக்கு வர வேண்டுமாம். ஆறு மணிக்கு ஆரம்பித்து முப்பது தமிழ்ச் செய்தித் தளங்களைப் படித்து எட்டுக்குள் தொகுப்பு அனுப்ப வேண்டும், விபத்துக்கு முன்பு செய்தது போலவே. முடிந்தால் என் வேலை எனக்கு. முடியாவிட்டால் ரிசப்ஷன். "சும்மா உட்கார்ந்தா போதும் வசந்தி, ஸ்ட்ரெய்னே இல்ல" என்றார். பதினோரு வருடமாக ஊரே எழுந்திருக்கும் முன் செய்தி படித்தவள், வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டவா? மாட்டேன்.

இடது கை நிலவரம்: விபத்து நடந்து ஏழு மாதம் ஆயிற்று. தோள் அசைகிறது. விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. பிசியோ பெண் பொறுமையாக இருக்கச் சொல்கிறாள். இருப்பது ஐந்து நாள்.

வியாழன், 10

தூறல். துணி காயவில்லை.

நான்கு வருடமாக நான் வைத்திருப்பது எழுத்தை மட்டும் காட்டும் பிரவுசர். படம் கிடையாது, விளம்பரம் கிடையாது, குறுக்கே ஓடும் வீடியோ கிடையாது. எல்லாமே கீபோர்டில். அதில்தான் இப்போது வம்பு. பாதிக் கட்டளைகளுக்குக் கன்ட்ரோலை இடது கை அழுத்திப் பிடிக்க வேண்டும். தமிழில் தேட மொழி மாற்ற வேண்டும், அதற்கும் இரண்டு கை. ஒரு தளத்துக்கு நான்கு நிமிடம். முப்பதுக்கு இரண்டு மணி நேரம். எழுதுவது எப்போது?

என் கணவர் சேகர் ஆட்டோ சவாரி முடிந்து வந்து வாசலிலேயே நின்று பார்த்தார். "இன்னா, காலைலேர்ந்து தட்டிக்கினே கீற? மவுஸ எட்த்துக்கினா முட்ஞ்சிது." கீபோர்டுக்கும் மவுஸுக்கும் கை அலைவதிலேயே நேரம் போய்விடும் என்றேன். அதோடு நிறுத்தவில்லை, இரண்டு கையும் நன்றாக இருப்பவர்களுக்கு யோசனை சொல்வது சுலபம் என்றும் சொன்னேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார். சொல்லியிருக்க வேண்டாம்.

வெள்ளி, 11

பிரவுசரின் கையேட்டை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். விசைகளை நாமே வைத்துக்கொள்ளலாம், எந்த மொழி எழுத்தானாலும் சரி என்று நடுவில் ஒரு வரி. நான்கு வருடம் கண்ணில் படவே இல்லை.

நான் தட்டும் தமிழ்99 விசை அமைப்பில் க, ச, ப எல்லாம் பெரும்பாலும் வலது பக்கம். கை வைத்த இடத்தில், நடு வரிசையில்:

க – கீழே
ப – பின்னால்
ம – மேலே
த – தேடு
ந – நகல் எடு

ஐந்தும் அடுத்தடுத்து. கன்ட்ரோல் வேண்டாம். மொழி மாற்ற வேண்டாம். மேல் வரிசையில் ச – சுட்டியை, அதாவது லிங்க்கை, திற. கீழ் வரிசையில் வ – வெளியே. யாரோ எனக்காகவே அடுக்கி வைத்தது மாதிரி. ஒரே சந்தோஷம், ரசத்தில் உப்பு போட மறந்தேன்.

பயனர் குழுவில் கேட்டேன். எல்லோரும் ஆங்கில எழுத்துதான் வைப்பார்கள், பழகிய வழியை மாற்றாதீர்கள் என்று ஒருவர். எல்லோருக்கும் இரண்டு கை.

சனி, 12

காலை 5.30 ஒத்திகை. பறந்தது. பத்தொன்பது தளம் வரை.

இருபதாவதில் 'வடிகால்' என்று தேட வேண்டும். த-வை அழுத்தியதாக நினைப்பு. அழுத்தவில்லை. தேடும் பெட்டி திறக்காமலே தட்ட ஆரம்பித்தேன். முதல் எழுத்து வ. பிரவுசர் மூடிக்கொண்டது. எடுத்த நகல்கள் எல்லாம் போயின. கீபோர்டைத் தூக்கி எறிய ஒரு கை போதும். எறியவில்லை, அழுதேன்.

சேகர் டீ கொண்டுவந்தார். நடந்ததைக் கேட்டார். "ஆட்டோல ஆரனாண்ட ஆஃப் சுச்ச யார்னா வெப்பாங்களா? தெனம் தொடாதத இன்னாத்துக்கு வெரலாண்ட வெச்சுக்கினு கீற?"

ஆட்டோக்காரர் சொன்னது சரி. வியாழக்கிழமை பேச்சுக்கும் சேர்த்து ஸாரி சொன்னேன். வ-வை நீக்கிவிட்டேன். இனி வெளியேற விசையே கிடையாது. வேலை முடிந்தால் லேப்டாப்பை மூடினால் போயிற்று.

ஞாயிறு, 13

சைதாப்பேட்டை மார்க்கெட், சங்கரா மீன், சரியான கூட்டம்.

ம-வுக்குப் பதில் ப-வில் விரல் விழுகிறது. ம-வின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். சிவப்பு.

மூன்று ஒத்திகை. 2 மணி 5 நிமிடம். 1.54. 1.47. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஐஸ்.

திங்கள், 14

மழை. 5.20-க்கு சேகரின் ஆட்டோவில். இறங்கும்போது லேப்டாப் பையை என் வலது தோளில் மாட்டிவிட்டார்.

ஆறு மணிக்கு ஆரம்பம். க க க ந. க க ச. ப.

ராகவன் சார் ஏழேகாலுக்கு வந்து பின்னால் நின்றார். ம-வின் மேல் இருந்த பொட்டைப் பார்த்து என்ன இது என்றார். மேலே போக என்றேன். அவர் கையில் ஒரு தாள். ரிசப்ஷனுக்கு மாற எனக்குச் சம்மதம் என்று டைப் செய்து, கீழே என் பெயரும் போட்டு, தயாராக. நான் இருபத்தாறாவது தளத்தில் இருந்தேன். சோதனை முடியவே இல்லை, முடிவை மட்டும் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒரு சைன் மட்டும் போட்டுடுங்க வசந்தி. ஃபார்மாலிட்டிதான். அப்புறம் நிதானமா முடிங்க."

நான் திரும்பவில்லை. "சைன் போட வலது கை வேணும் சார். அது வேலையா இருக்கு."

7.48-க்குத் தொகுப்பை அனுப்பினேன். தாள் அவர் கையிலேயே இருந்தது.