திரையில் தானாக மாறிய எடையும் நான் கொடுக்காத புகாரும்

அனுப்புநர்:
நகரப் பேருந்து ஓட்டுநர்
(இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் சிகிச்சை பெறுபவரின் கணவர்),
பணிமனைக் குடியிருப்பு, பின்வரிசை.

பெறுநர்:
மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
மருத்துவமனைகள் மேற்பார்வை அலுவலகம்.

பொருள்: பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் மருத்துவமனைக் கணினியில் நோயாளியின் சிகிச்சை விவரம் தானாக மாறியது – அதற்காகப் பதிவு முகப்புப் பெண் ஊழியர் தண்டிக்கப்பட்டது – என் பெயரில் காட்டப்படும் புகாரை நீக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் நகரப் பேருந்து ஓட்டுபவன். என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாட்கள் பொது மருத்துவமனையின் முதல் தளத்தில் இயந்திரத்துடன் இணைத்து அவள் இரத்தத்தைச் சுத்திகரிக்கிறார்கள். அந்த நாட்களில் மதியப் பணி தரும்படி பணிமனையில் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. ஆயினும் இம்மனுவை எழுதுகிறேன் என்றால், வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன் என்று தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. இச்சிகிச்சையில் உடல் எடை முக்கியமானது. உடலில் தேங்கிய நீரை இயந்திரம் எடுத்துவிடும். எந்த எடை வரும்வரை எடுக்கலாம் என்று மருத்துவர் ஓர் எண்ணைக் கணினியில் பதிவு செய்வார். சிஸ்டர்கள் அந்த எண்ணைப் பார்த்தே இயந்திரத்தை அமைப்பார்கள். அளவுக்கு மீறி நீரை எடுத்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

3. அண்மைக் காலமாக என் மனைவிக்குப் பசி திரும்பியிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. சம்பவத்தன்று காலை மருத்துவர் அவளைப் பரிசோதித்து, "நல்லா சாப்பிடுறீங்கபோல. இது தண்ணி இல்லம்மா, சதை. சந்தோஷம்" என்று கூறி, அந்த எண்ணை உயர்த்திப் பதிவு செய்வதாகச் சொன்னார். நெடுநாளைக்குப் பிறகு ஒரு மருத்துவர் வாயால் 'சந்தோஷம்' என்ற சொல்லைக் கேட்டோம்.

4. அவர் அதைப் பதிவு செய்ய உட்காரும் முன்பே நான் இறங்கிவந்து கீழ்த்தளப் பதிவு முகப்பில் நின்றிருந்தேன். எங்கள் கைபேசி எண் மாறியிருந்ததால் அதைத் திருத்தித் தரும்படி அங்கிருந்த பெண் ஊழியரிடம் கேட்டேன். பெயர்களை உரக்கக் கூப்பிடும்போது குரல் கீச்சென்று உயர்வதால் என் மனைவி அவருக்குக் 'கீச்சுக்குரல்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். அவருக்கும் அது தெரியும், கேட்டால் சிரிப்பார். அவர் என் மனைவியின் பக்கத்தைத் திரையில் திறந்தார். அதற்குள் வாசலில் ஒரு முதியவர் மயங்கி விழ, எழுந்து ஓடினார். திரும்பி வந்து, "மன்னிச்சுக்கங்க அண்ணே, நிக்க வச்சுட்டேன்" என்றபடி புதிய கைபேசி எண்ணைத் தட்டிச் சேமித்தார். அவர் செய்தது அவ்வளவே. கூடவே நின்று பார்த்தவன் நான்.

5. சிறிது நேரத்தில் மேலே ஒரு சிஸ்டர் வந்து, திரையில் இருந்த எண்ணைப் பார்த்து இயந்திரத்தை அமைத்தார். பாதிச் சிகிச்சையில் என் மனைவி கெண்டைக்கால் இழுக்கிறது என்றாள். பிறகு, "என்னங்க, கண்ணு இருட்டுது" என்றாள். அதன்பின் பேச்சில்லை. தலையைத் தாழ்த்தி, இயந்திரத்தை நிறுத்தி, மருந்து ஏற்றினார்கள். கண் விழித்தபோது என்னை யாரோ போலப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி இந்த மனுவில் எழுத எனக்குத் தெரியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து, பிழைத்துக்கொண்டாள் என்று அனுப்பினார்கள்.

6. எண்ணை உயர்த்தினேன் என்றார் மருத்துவர். "சத்தியமா ஸ்கிரீன்ல இருந்ததைத்தான் வச்சேன்" என்று அழுதார் சிஸ்டர். இருவரும் சொன்னது உண்மை. திரையில் பழைய எண் எப்படியோ திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்தைக் கடைசியாகச் சேமித்தவர் யார் என்று கணினியில் தேடியபோது பதிவு முகப்புப் பெண்ணின் பெயர் வந்தது. அதோடு விசாரணை முடிந்துவிட்டது. சிகிச்சை விவரத்தில் கைவைத்தார் என்று குற்றம் சாட்டி, அவரைப் பின்கட்டிடத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆணையின் முதல் வரியே "நோயாளியின் குடும்பத்தார் அளித்த புகாரின் பேரில்" என்று தொடங்குகிறது.

7. அம்மையீர், நான் புகார் கொடுக்கவில்லை. என் மனைவியும் கொடுக்கவில்லை. எங்களைத் தவிர எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை. இதை மருத்துவமனை நிர்வாக அலுவலகத்தில் சொன்னேன். "அப்ப புகாரை வாபஸ் வாங்குறதா எழுதிக் கொடுங்க" என்றார்கள். கொடுக்காததை எப்படி வாபஸ் வாங்குவது என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது சார், புகார் எண் போட்டு எழுதினாத்தான் எடுப்போம்" என்றார்கள். இல்லாத புகாருக்கு எண் ஏது? அடுத்த மேசைக்குப் போகச் சொன்னார்கள். போனேன். அந்த மேசைக்காரர் விடுப்பில் இருந்தார்.

8. மருத்துவமனைக் கணினிப் பொறியாளரையும் பார்த்தேன். அவர் தமது அறையில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "இங்க ஒழுங்காத்தானே ஓடுது. அவங்கதான் எதையாவது தட்டியிருப்பாங்க" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். கூட்டம் நெரியும் காலை வேளையில் ஒருமுறை வந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முதலில் தட்டிக்கழித்தவர், ஒரு நாள் தாமாகவே வந்து நின்றார். கீழும் மேலும் நடப்பதை வெகுநேரம் பார்த்தார். பின்பு சோதனைக்காக ஒரு பொய் நோயாளியை உருவாக்கி, அந்தப் பக்கத்தை இரண்டு தளங்களிலும் ஒரே சமயத்தில் திறந்து வைத்தார். மேலே எடையை மாற்றிச் சேமித்தார். கீழே இறங்கி வந்து கைபேசி எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்தார். மறுபடி மேலே போய்ப் பார்த்தோம். பழைய எடை வந்திருந்தது.

9. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னதை அப்படியே தருகிறேன்: "அந்தம்மா மேல தப்பே இல்ல சார். எடைக் கட்டத்துல அவங்களால ஒரு எழுத்துகூடத் தட்ட முடியாது. ஆனா சேமிக்கும்போது அவங்க திரைல இருக்குற பக்கம் முழுசும் போய் உக்காந்துடுது. நடுவுல வேற யாரோ மாத்தினது அதுல அழிஞ்சுடுது. யாருக்கும் ஒரு எச்சரிக்கைகூட வர்றதில்ல." முதியவரைப் பார்க்க அந்தப் பெண் எழுந்து ஓடிய நேரத்தில்தான் மேலே மருத்துவர் எண்ணை உயர்த்தியிருக்கிறார். இதைப் பொறியாளர் எழுத்திலும் மேலிடத்துக்கு அனுப்பினார். "பயன்படுத்துவோர் கவனமாக இருக்க அறிவுறுத்தப்படுகிறது" என்று பதில் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றில் எப்படிக் கவனமாக இருப்பது என்று பதிலில் இல்லை.

10. இப்போது நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தைத் திறக்கும் முன் கீழே இருப்பவர் மேலே தொலைபேசியில் கூப்பிட்டு, "நான் உள்ள போறேன், நீங்க யாரும் கைவைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் செய்துவந்தார்கள். ஊழியர்கள் தாங்களாகக் கண்ட வழி அது. அண்மையில் உள்தொலைபேசியில் வீண்பேச்சு கூடாது என்று சுற்றறிக்கை வந்து அதுவும் நின்றுவிட்டது. முன்பெல்லாம் இயந்திரத்தில் இணைத்ததும் என் மனைவி தூங்கிவிடுவாள். இப்போது திரையையே பார்த்தபடி முழுநேரமும் விழித்திருக்கிறாள்.

11. சென்ற வாரம் அந்தப் பெண் ஊழியர் என் பேருந்தில் ஏறினார். "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "நான் புகார் எதுவும் கொடுக்கலம்மா" என்றும் சொன்னேன். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள், வண்டியை நகர்த்த வேண்டியிருந்தது. அவர் தலையை ஆட்டி, "சரிங்க சார்" என்றுவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். அதுவரை அவர் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

12. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது: அந்த ஆணையில் எங்கள் குடும்பத்தின் பெயரால் எழுதப்பட்டுள்ள வரியை நீக்க வேண்டும். பொறியாளரின் அறிக்கையை வரவழைத்துப் படித்து, அந்தப் பெண் ஊழியரை அவர் இருந்த இடத்திலேயே அமர்த்த வேண்டும். ஒருவர் திறந்து வைத்திருக்கும் பக்கத்தை இன்னொருவர் மாற்றிவிட்டால், சேமிக்கும் முன் கணினி தடுத்து அதைக் காட்டும்படி செய்ய வேண்டும். அதுவரை அந்தத் தொலைபேசியையாவது விட்டுவைக்க வேண்டும். இதை நான் கொடுக்கும் முதல் புகாராகக் கொண்டு, இதற்கு ஓர் எண் வழங்கும்படியும் வேண்டுகிறேன்.

இடம்: இரத்தச் சுத்திகரிப்புக் கூடம், முதல் தளம்
நாள்: வியாழக்கிழமை, முற்பகல்

தங்கள் நியாயத்தை நம்பியிருக்கும்,
(கையொப்பம்)
நகரப் பேருந்து ஓட்டுநர்

ஊசி குத்தாத கையால் நோயாளி தாமே எழுதியது:

அம்மா, ஆணையில் பாதிக்கப்பட்டவர் என்று போட்டிருப்பது என்னைத்தான். என்னை இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணால் எனக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. அவள் கீழே இருந்து பெயர்களைக் கூப்பிட்டால் மேலே படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். இப்போது இருப்பவர் கூப்பிடுவது கேட்பதில்லை.
(கையொப்பம்)