இழுத்தால் கூடும் வெளிச்சம்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்த முறை நிஜமாகவே நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நம்ப மட்டும்தானே முடிகிறது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் நீ செய்து அனுப்பிய பட்டை பத்திரமாக வந்தது. ரப்பர் மாதிரி இழுபடுகிற இதில் பல்பு எங்கே, கம்பி எங்கே என்று அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டை முழுக்கவே விளக்குதான் என்று நீ போனில் சொன்னதைச் சொன்னேன், எனக்கே பாதிதான் புரிந்தது.

பள்ளிக்கூட நாடகத்தில் நீ மின்மினிப் பூச்சியாக நடித்தது ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்போடு உட்கார்ந்து, உன் பாவாடை எலாஸ்டிக்கில் அப்பா குட்டி பல்புகளைக் கோத்துக் கொடுத்தார். மேடையில் நீ சுற்றியதும் எலாஸ்டிக் நீண்டது, கம்பி நீளவில்லை, பட்டென்று அறுந்து பூச்சி அணைந்துபோனது. எல்லோரும் சிரித்தார்கள். நீ அழவில்லை, "கம்பி மட்டும் ஏம்ப்பா நீள மாட்டேங்குது" என்று வழியெல்லாம் கேட்டு அவர் உயிரை எடுத்தாய். எவ்வளவு நல்ல நாள் அது, அன்றைக்கு அது தெரியவில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய இடது கை மடங்கியபடியே கிடந்தது உனக்குத் தெரியும். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் "இனிமே இது எதுக்கு, விட்டுடும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பட்டையை முழங்கையின் உள்மடிப்பில் மாட்டினோம், மெல்லிய பச்சை வெளிச்சம். கையை நீட்டினால் வெளிச்சம் கூடும் என்று அவள் சொன்னாள், அவர் காதில் வாங்காத மாதிரி ஜன்னலையே பார்த்தார். நான் அடுப்படிக்குப் போய்த் திரும்பிப் பார்க்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் நீட்டுகிறார், பச்சை கூடுகிறது, தனியாகச் சிரித்துக்கொள்கிறார். அதற்கப்புறம் தினமும் அவரே பட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். இழுத்த இழுப்பில் ஓரத்தில் ஓரிடம் ஒளிராமல் போய்விட்டது, "குட்டிம்மாகிட்ட சொல்லாதே, மனசு ஒடிஞ்சுபோயிடுவா" என்றார், சொல்லிவிட்டேன், கோபிக்காதே.

நேற்று சட்டைப் பட்டனைப் போட்டுவிடப் போனேன். "தள்ளு, நானே போட்டுக்கறேன்" என்று என் கையைத் தட்டிவிட்டார். தட்டியது இடது கை. வெகுநேரம் போராடி ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டார், சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நான் திருத்தவில்லை. அப்படியே தெருக்கோடிவரை ராஜா மாதிரி போய்வந்தார்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், மனசும் உடம்பும் வாடாமல் இரு. அந்த ஓரம் ஏன் அணைந்தது என்று அப்பாவுக்கே போன் செய்து விளக்கு, என்னிடம் சொல்லாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா