பதினேழாம் புள்ளி

அன்பு மாப்ள செல்லமுத்து,

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். லடாக்கில் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. டப்பா மீனை ஒற்றை ஆளாகத் தின்றுவிட்டு, கூடாரத்துக்கும் பாறை மறைவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாய் என்றுதான் காய்ச்சல் என்றேன்.

"படுங்க மச்சான். நீங்க ஏறி நின்னா மலை ரெண்டடி அமுங்கிரும், கணக்குத் தப்பாப் போயிரும்" என்று என் கம்பையும் சுண்ணாம்பு வாளியையும் தூக்கிக்கொண்டு போனாய். பதினேழாம் புள்ளி என் முறை, மாப்ள.

சுரங்கம் தோண்டப்போகிற மொட்டை மலைகள், நமக்கு அளவு வேலை. புல் கிடையாது, மூச்சுக்கே பஞ்சம். ட்ரோன் படம் பிடிக்கும் முன், புள்ளி என்று எண் போட்ட ஒவ்வொரு உச்சியிலும் ஏறி, வெள்ளையில் பெருக்கல் குறி போட்டு, நடுவில் கம்பை நேராகப் பிடித்து நிற்க வேண்டும். நீ மட்டும் குறிக்கு நடுவில் குங்குமம் வைப்பாய். "புது எடம், சாமிகிட்டச் சொல்லிட்டு நிக்கணும்ல?" படத்தில் குறி குழம்புகிறது என்று என்ஜினியர் கத்தியதும் விபூதிக்கு மாறினாய்.

பதினேழில் மூச்சடைத்து விழுந்தாய், எழவில்லை. முன்னமே நோய் இருந்திருக்கும் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். நம்ம ஊர் எழுமலையில் நெல் மூட்டையோடு மச்சு ஏறியவனுக்கு என்ன நோய்?

அந்த மலைகளின் வரைபடம் வந்துவிட்டது. கம்பெனிக்கு மூன்று முறை போன் போட்டுக் கெஞ்சி வாங்கினேன். எனக்குத் தமிழ் மட்டும்தான் வரும், இது இங்கிலீஷ். மகள் படித்துக் காட்டினாள். அடியில் அளந்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர் என்று பேர்கள். ஏறியவன் பேர் இல்லை. ஒரு முக்கோணம், பக்கத்தில் 17, அப்புறம் உயரம். கம்பு தானாக ஏறிப் போய் நின்றதா?

என் தங்கச்சி, அதான் உன் பஞ்சவர்ணம், "எந்த எடம்ணே?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். தடவிப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா" என்றாள். பிறகு, "நல்லவேளை, ஒனக்காச்சும் அன்னைக்குக் காய்ச்சல் வந்துச்சு" என்றாள்.

நான் வரைபடத்தைச் சுருட்டிக் கட்டினேன், மாப்ள.

வெள்ளிக்கிழமை உன் திதிக்கு வருகிறாள். அந்தப் புள்ளியைத் தொட்டுக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுவேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அதற்காகவே வரைபடத்தை உசிலம்பட்டியில் பிரேம் போடக் கொடுத்தேன். நேற்று வாங்கி வந்தேன். பிரேம் சின்னதென்று கடைக்காரர் வலது ஓரத்தில் நாலு விரல் அகலம் வெட்டியிருக்கிறார். பதினேழு அதில் இருந்தது. பதினாறு வரை தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் பஞ்சவர்ணத்துக்கு அண்ணன்,
உனக்கு மச்சான்,
பாண்டி