ஐயப்பட்டால் பலிக்காத மருந்து

மருத்துவர் அம்மா,

இன்று காலை நான் பேசவிருக்கும் திடலைப் பார்க்கப் போயிருந்தேன். சாக்கடையோரம் மாநகராட்சித் தொழிலாளர்கள் வெளுப்புத்தூள் தூவிக்கொண்டிருந்தார்கள். மூக்கில் ஏறிய அந்தக் காரநெடியோடு நீங்களும் வந்து நின்றீர்கள். உங்கள் சேலையில் எப்போதும் அந்த நெடிதான். கிணறுகளையும் குடிநீர்த் தொட்டிகளையும் பார்த்துவிட்டு அப்படியே கூட்டத்துக்கு வருவீர்கள். நான் மேடையில் வெளுப்புத்தூள் என்று முழங்கினால், கீழிறங்கியதும் பிடித்துக்கொள்வீர்கள். "பிளீச்சிங் பவுடர்னு சொல்லுங்க பேச்சாளரே. கடைல கேட்டா எடுத்துக் குடுக்கோணுமில்லீங்க."

தொண்ணூறுகளின் நடுவில் மாவட்ட நலவாழ்வுத் துறை அலுவலராகக் கோவைக்கு வந்தீர்கள். போலியோ சொட்டு மருந்துக்காக ஊர் ஊராக என்னைப் பேச வைத்தீர்கள். இடிமுழக்கம் என் தொழில். கேள்வி கேட்பது உங்கள் தொழில். அந்த இரண்டும் நேருக்கு நேர் நின்ற பெரியநாயக்கன்பாளையத்துத் திருமண மண்டபத்தைத்தான் இப்போது நினைக்கிறேன்.

என் தங்கை கயல்விழியின் மகள் பூங்கொடிக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவள் அப்பாவின் பட்டறையில் கடைசல் எந்திரம் சுழல்வதைப் பார்த்தபடி பொழுதெல்லாம் நிற்பாள். யாராவது தொட்டால் உடல் விறைத்து அலறுவாள். நீங்கள்தான் அதை ஆட்டிசம் என்றீர்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நான் உடனே கேட்டேன். "சொல்லை அப்புறம் தேடுங்க. முதல்ல புள்ளையைப் பாருங்க" என்றீர்கள்.

கயல்விழிக்குச் சொல்லும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். மகள் ஒருமுறை அம்மா என்றால் போதும். அப்போதுதான் ஒரு மருந்துக்காரர் வந்தார். தேனில் குழைத்த கறுப்புப் பொடி. மூன்று முறை கொடுத்தால் பேச்சு வந்துவிடும் என்றார். அதற்கு இரண்டு கட்டளைகள் வைத்திருந்தார். காதுகுத்தின்போது போலக் குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரும் மருந்தை ஐயப்படக் கூடாது, ஐயப்பட்டால் பலிக்காது.

தாய்மாமன் மடி என்றால் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் மறுப்பாள்? தங்கை கேட்டாள், நானும் போய் அமர்ந்தேன்.

அவர் முகாம் நடத்திய மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் நாங்கள். என் கைகளுக்குள் பூங்கொடி துடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்காரர் ஒலிவாங்கியை மார்போடு அணைத்தபடி, பால் புகட்டும் சங்கோடு எங்களை நோக்கி வந்தார். அப்போது நடு வரிசையிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். காவலர் யாரையும் அழைத்து வரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஏனுங்க, இதுல என்னங்க சேத்திருக்கீங்க?"

"குரு வழி மருந்துங்க. வெளிய சொல்லப்படாது."

"சொல்ல வேண்டாங்க. துளியூண்டு குடுங்க. ஆய்வகத்துல பாத்துப்போட்டு அடுத்த வாரம் புள்ளைக்குக் குடுக்கலாம்."

"சந்தேகம் வந்துட்டா வேலை செய்யாதுங்கம்மா."

"நாங்க குடுக்கற காய்ச்சல் மாத்திரையைத் திட்டிக்கிட்டே முழுங்குனாலும் கேக்குமுங்களே."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் முகம் கறுத்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, இவங்க ஊத்துற சொட்டு மருந்தை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு நம்போணுமாம்."

"கண்ணைத் தொறந்துட்டே நம்புங்க" என்றீர்கள். "அதுல என்ன இருக்குது, குடுத்த புள்ளைகளுக்கு என்னாச்சுன்னு கேளுங்க, சொல்றேன். கேக்காதீங்கன்னு நான் சொல்லலீங்களே."

அப்போது என் தங்கை எழுந்தாள். "அப்ப உங்ககிட்ட மருந்து இருக்குதுங்களா, டாக்டரம்மா?"

அந்த நொடியில் நான் உங்களுக்காக அஞ்சினேன். மேடையில் வாழ்பவன் அறிவான்: கூட்டம் ஆம் என்ற சொல்லுக்காக ஏங்கி நிற்கும்போது வேறு சொல் சொல்லக் கூடாது.

"இல்லீங்க அம்மணி" என்றீர்கள். "இப்படிப்பட்ட புள்ளைகளைப் பழக்கிக் குடுக்கற ஆளுங்க இருக்காங்க. மெதுவாத்தான் வரும். எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாதுங்க."

மண்டபம் கொதித்தது. "பின்ன எதுக்குங்க வந்தீங்க?" என்று ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வெளிய போகச் சொல்லுங்க" என்றது இன்னொரு குரல். மருந்துக்காரர் சங்கைப் பூங்கொடியின் உதட்டருகே கொண்டுவந்தார். "மாமன் தலையைப் புடிச்சுக்கட்டும்" என்றார். மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவள் பற்களைக் கடித்து வாயை இறுக மூடியிருந்தாள். நான் தலையைப் பிடிக்கவில்லை.

"போன முகாம்ல குடுத்த புள்ளைக வந்திருக்காங்களா?" என்று பொதுவாகக் கேட்டீர்கள். அந்த வீடுகளுக்கெல்லாம் நீங்கள் பேருந்தில் போய் வந்தவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கண்டதை நீங்களே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும் என்று நின்றீர்கள்.

பொள்ளாச்சித் தேங்காய் வணிகர் ஒருவர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எம்பட பையனுக்குக் குடுத்துதுங்க. வாந்தி நிக்கவே இல்லை. வந்து கேட்டதுக்கு, உங்க ஊட்டுல யாரோ சந்தேகப்பட்டுப்போட்டாங்கன்னாரு. நான் எம்பட சம்சாரத்தைத்தான் திட்டுனேன். அன்னைக்கிருந்து அவ எங்கூடப் பேசறதில்லைங்க. பையனும் பேசலை."

"எங்களுக்கும் அதையேதானுங்க சொன்னாரு" என்றாள் பின்னாலிருந்த ஒரு பெண். அவளுக்கு அப்பால் ஒரு முதியவர் தலையசைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருந்து தோற்ற வீடெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தது. பலிக்கவில்லை என்று சொன்னால், ஐயப்பட்டுப் பிள்ளையைக் கெடுத்தவர் தாம்தான் என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகும். எனவே அந்த மருந்து எங்குமே தோற்றதில்லை.

கயல்விழி என் மடியிலிருந்து மகளைத் தூக்கினாள். உங்களைக் கடந்து போகையில் நின்றாள். "இனி நான் யாரைங்க நம்பறது?" என்றாள். நீங்கள் கீழே விழுந்து கிடந்த பூங்கொடியின் செருப்புகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தீர்கள்.

மருந்துக்காரர் துளியும் ஆய்வுக்குத் தரவில்லை. கடையை ஈரோட்டுக்கு மாற்றினார். சிலர் அங்கேயும் போனார்கள். நான் சினந்து பேசியபோது, "ஈரோட்டுக்கும் பஸ் இருக்குங்களே" என்று கிளம்பிவிட்டீர்கள்.

என் தங்கை உங்களை எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. பழக்குவதற்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள். "வாங்க" என்பாள், அதோடு சரி. கொங்கு நாட்டு வீட்டில் ஒருவருக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்புவது எத்தகைய அடி என்று உங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் வந்தீர்கள். பூங்கொடி குவளை வரைந்த படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்ட மாலையில்தான் காப்பித் தம்ளர் உங்கள் கைக்கு வந்தது. அம்மா என்ற சொல் இன்றுவரை வரவில்லை. பசித்தால் தாயின் முந்தானையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போகிறாள். உங்கள் இறுதிச் சடங்குக்கும் தாயின் முந்தானையைப் பிடித்தபடிதான் வந்தாள்.

சென்ற மாதம் ஒரு கூட்டம் முடிந்து இறங்கினேன். ஓர் இளந்தாய், பூங்கொடியைப் போலவே பேச்சு வராத குழந்தையோடு வழிமறித்தாள். எங்கோ ஊசி போடுகிறார்களாம், எல்லாம் சரியாகிவிடுமாம். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கையா, போயிட்டு வாரோம்" என்றாள். என் நாவில் ஆயிரம் சொற்கள் உண்டு. அவை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உங்களிடமிருந்து பெற்றதை எடுத்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க அம்மணி. தெரிஞ்சவங்ககிட்டக் கேக்கலாம். நானும் கூட வாரேன்."

அவள் முகம் சுருங்கியது. திரும்பி நடந்தாள். அப்படியே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். திடலின் வாயில்வரை போனவள், குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எப்பங்க போலாம்?" என்று கேட்டாள்.