உளுந்துக்குத் திறந்த கடல்

அக்கா,

இன்று காலை நெளுக்குளம் சந்திக் கடையில் பம்பாய் வெங்காயம் வந்து இறங்கியது. லொறியிலிருந்து மூட்டைகளை இழுக்கும்போதே அந்தக் காரவாசம் வீதிவரை வந்துவிட்டது. சிவப்பு வலைச் சாக்குகள், ஒவ்வொன்றிலும் அக்கரை ஊர் ஒன்றின் பெயர். கடைக்காரத் தம்பி மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி வாசலில் நின்றான்.

"வெங்காயம் அனுப்பத் தடை போட்டிருந்தவங்கள், இப்ப எடுத்திட்டாங்கள் அன்ரி. அயல்நாடு எண்டு எங்களுக்குத்தான் முதல்ல அனுப்பினவங்களாம். பேப்பரிலயும் கிடக்கு, தொப்புள்கொடி உறவாம்."

எனக்கு உச்சி கொதித்தது. வெங்காயத்துக்கு இருக்கிற தொப்புள்கொடி உங்களுக்கு மட்டும் ஏன் இல்லாமற் போனது? அரைக் கிலோ என்று வாயெடுத்தவள், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்று எங்கள் வீட்டில் வெங்காயம் போடாத பருப்புக்கறிதான். நீங்கள் இருந்திருந்தால், "வெங்காயத்தோட என்னா புள்ள கோவம்?" என்று சிரித்துவிட்டு, நீங்களே போய் ஒரு கிலோ வாங்கி வந்து பாதியை எங்கள் குசினியில் கொட்டியிருப்பீர்கள்.

கோபம் வெங்காயத்தோடு இல்லை, அக்கா. உங்களுக்கும் அது தெரியும்.

நீங்கள் மலையில் சின்னப் பிள்ளையாகத் திரிந்த காலத்தில் இரண்டு நாட்டுப் பெரியவர்கள் ஒரு மேசையில் இருந்து, அக்கரையிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட உங்கள் ஆட்களைப் பங்கு போட்டார்கள். இவ்வளவு பேர் அங்கே, இவ்வளவு பேர் இங்கே. அதிலும் கொஞ்சப் பேர் மீந்துபோனார்கள். பத்து வருடம் அவர்களை அந்தரத்தில் விட்டுவிட்டு, பிறகு ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். தேயிலை பறித்து இந்த நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் தேடிக் கொடுத்த சனம்! ஆடு விற்கிறவன்கூடத் தாயையும் குட்டியையும் பிரிக்கிறதென்றால் ஒருதரம் யோசிப்பான். இவர்கள் யோசிக்கவில்லை. இரண்டு நாடுகளின் நட்புக்கு அது பெரிய வெற்றி என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். நானும் அதைப் பாடமாக்கிச் சோதனையில் எழுதினேன்.

நீங்கள் கலவரத்தில் அடிபட்டு, புருசனோடு எங்கள் பக்கத்துக் காட்டை வெட்டிக் குடியேறினபோதுதான் அந்தப் பாடத்தில் வந்த ஆள் ஒருத்தியை நான் கண்ணால் கண்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி. அந்த வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு வைத்து, ஆளுக்காள் போய்வரத் தொடங்க ஒரு மழைக்காலம் போதுமாக இருந்தது. நீங்களும் அக்கரைக்குப் போகப் பதிந்திருந்தீர்கள். உங்கள் தங்கச்சியைக் கட்டின வீட்டாருக்கு முதலில் முறை வந்தது. உங்களுக்கு அடுத்தது.

அவர்கள் போன நாளை நான் மறப்பேனா? மலையிலிருந்து வந்த ரயில் தலைமன்னாருக்குப் போகிற வழியில் செட்டிகுளத்தில் நிற்கும். நானும் நீங்களும் விடியவே பஸ் பிடித்துப் போய்த் தண்டவாளத்தருகில் நின்றோம். ரயில் முழுக்கத் தகரப் பெட்டியும் பாத்திர மூட்டையும் அழுகையும். நீங்கள் ஒவ்வொரு பெட்டியாக ஓடி ஓடி உள்ளே எட்டிப் பார்த்தீர்கள். கடைசியில் ஒரு யன்னலில் உங்கள் தங்கச்சி, மடியில் கைக்குழந்தை. பேச நேரமில்லை. கொண்டுபோன அவித்த கடலையை அவளின் கையில் திணித்துவிட்டு, "அடுத்த கப்பல்ல வந்துருவேன், அழுவாத" என்றீர்கள். வண்டி நகர்ந்தபோது அந்தக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடினீர்கள்.

அடுத்த கப்பல் வரவில்லை. சண்டை வந்தது, கப்பலை நிறுத்திவிட்டார்கள். உங்கள் கையில் அந்த நாட்டுக் கடவுச்சீட்டு, காலடியில் இந்த நாட்டு மண். இரண்டு பேரும் உங்களைத் தங்கள் ஆளில்லை என்றார்கள்.

அதன்பிறகு அந்த இரண்டு நாடும் ஆடின ஆட்டத்தை நாங்கள் வேலியடியில் இருந்து பார்த்தோம். முறைத்துக்கொண்டார்கள். பிறகு கட்டிப்பிடித்தார்கள். அங்கேயிருந்து படை வந்தது, அமைதி என்றார்கள். படை திரும்பிப் போனது, நல்லது என்றார்கள். பிறகு தீர்வையில்லாத வியாபாரம் என்று கையெழுத்து வைத்தார்கள். அக்கரையில் செய்த முச்சக்கரவண்டி எங்கள் ஒழுங்கைவரை வந்துவிட்டது. பஸ் வந்தது, மருந்து வந்தது, சேலை வந்தது. கோத்தகிரியில் இருந்த உங்கள் தங்கச்சி மட்டும் வரவில்லை. ஒருநாள் சட்டத்தை மாற்றி, நீங்கள் இந்த நாட்டவர்தான் என்று சொன்னார்கள். நீங்கள் அதற்கும் பொங்கல் வைத்தீர்கள். உங்களோடு நான் சண்டை பிடித்த நாட்களில் அது ஒன்று.

"இவ்வளவு காலமும் ஆர் எண்டு தெரியாமலோ உங்களிட்ட வேலை வாங்கினவை? இதுக்கொரு பொங்கலோ?"

"பொங்கல் அவங்களுக்கா வச்சேன்? அந்தப் பழசு காலாவதியாயிருச்சு, இனி இந்த நாட்டுப் பாஸ்போட் எடுக்கலாம்ல புள்ள. அவளப் போய்ப் பாத்துட்டு வந்துருவேன்."

அதற்கும் காலம் இழுபட்டது. புருசன் படுக்கையில் விழுந்தார், அவரைப் பார்த்துக்கொண்டீர்கள். அவர் போனபிறகு, பாஸ்போட் எடுத்து, பயணச் செலவுக்கு அந்த வருடத்து உளுந்தை நம்பி இருந்தீர்கள். வெளியிலிருந்து உளுந்து வருவதைத் தடைசெய்திருந்த காலம் அது. டொலர் இல்லை என்பதுதான் காரணம். ஆனால் கூட்டம் வைத்து எங்களுக்குச் சொன்னது வேறு கதை. "இனி எங்கட உளுந்துதான், எங்கட விவசாயிதான்" என்று மைக்கில் முழங்கினார்கள். நாங்கள் கைதட்டினோம். வவுனியாவில் உளுந்து போடாத மேட்டுக்காணி இருக்கவில்லை. செடியைப் பிடுங்கிக் காயவைத்து, உழவு இயந்திரத்தை மேலே ஓட்டி அடித்து, தூற்றி எடுத்தபோது உங்கள் முகம் முழுக்கத் தூசியும் சிரிப்பும்.

யாவாரி லொறியோடு வந்தான். நல்ல விலைதான் சொன்னான். ஆனால் சித்திரை வருசத்துக்கு முன்னம் இன்னும் ஏறும் என்று ஊரே பேசியது. தடை இருக்கும் என்று அரசாங்கமே சொன்ன பிறகு யார் அவசரப்படுவார்கள்? எல்லாரும் வேப்பிலை போட்டுக் கட்டி வீட்டுக்குள் அடுக்கினோம். உங்கள் வீட்டில் படுக்க இடமில்லாமல், மூட்டையின்மேல் பாயை விரித்துப் படுத்தீர்கள். "மெத்தையில படுத்து கோத்தகிரிக்குப் போறேன்" என்று பகிடி விட்டீர்கள்.

பிறகு, எங்கேயோ யாரோ பேசினார்கள். கடன், உதவி, உறவு. இறக்குமதி திறந்தது. அடுத்த கிழமையே அக்கரை உளுந்து உடைத்துத் தோல் நீக்கி, வெள்ளை வெளேரென்று கடைக்கு வந்துவிட்டது. யாவாரி உங்கள் படலையடியில் லொறியை நிறுத்தவேயில்லை. கூப்பிட்டபோது தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"என்னால ஏலாது அம்மா. துறைமுகத்துக்குப் போய்க் கேளுங்கோ."

மழைக்கு முன்னம் கிடைத்த விலைக்குக் கொடுத்தீர்கள். உழவுக்கூலிக்கும் விதைக்கடனுக்கும் அது சரியாகப் போனது. நான் மண்ணள்ளித் தூற்றித் திட்டினேன். நீங்கள் வெறும் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டே, "அடுத்த போகம் பாப்பம்" என்றீர்கள். அடுத்த போகத்துக்கு விதைத்தீர்கள், பிடுங்க நீங்கள் இல்லை. ஆசுபத்திரியில் கடைசியாகப் பேசினபோதும், "தங்கச்சிக்குச் சொல்லாத, பயந்துருவா" என்றுதான் சொன்னீர்கள்.

இதைக் கேளுங்கள், அக்கா. காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு அரைநாள் ஓட்டம். படமெடுத்து, மாலை போட்டு, வரலாறு என்றார்கள். நீங்கள் போனபிறகு நான் சொல்லியனுப்ப, அந்தக் கப்பலில் உங்கள் தங்கச்சி வந்தாள். செட்டிகுளத்தில் நீங்கள் காலைப் பிடித்துக்கொண்டு ஓடின அந்தக் குழந்தைதான் கூட்டிவந்தான், அவனுக்கே தலை நரைத்துவிட்டது. நான் வெளியே காத்து நின்றேன். அவளைக் கண்டவுடன் தெரிந்துவிட்டது. உங்கள் நெற்றி, உங்கள் நடை.

"உள்ள என்னா கேட்டாங்க தெரியுமாக்கா?" என்றாள் என் கையைப் பிடித்து. "எலங்கைக்கு மொத தடவையா வர்றீங்களான்னு கேட்டாங்க. நான் பொறந்ததே இங்கதான்னு சொன்னேன். அந்தப் பையன் நம்பலீங்க."

கடவுச்சீட்டில் சுற்றுலா என்று முத்திரை அடித்து விட்டிருந்தான். அக்காவின் சமாதிக்கு அழ வந்தவளுக்குச் சுற்றுலா விசா.

அவளை உங்கள் வீட்டில் இருத்தினேன், உங்கள் பாயில் படுக்கவைத்தேன். உங்களை அடக்கம் செய்த இடத்தில் அவள் அழவேயில்லை. மண்ணைத் தடவித் தடவி, கப்பல் வராமற் போன பிறகு நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். பிள்ளைகளின் கல்யாணம், அவளின் புருசனின் சாவு, அங்கேயும் அவர்களை "சிலோன்காரங்க" என்று ஒதுக்கிவைத்தது. ஒரு விடயம் விடாமல் சொன்னாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று உங்களுக்காகவும் கேட்டேன்.

திரும்பிப் போகிற நாளில் துறைமுக வரிசையில் அவளோடு நின்றேன். எங்களுக்கு முன்னால் வியாபாரம் செய்கிறவர்கள் பொதி பொதியாக வைத்திருந்தார்கள். பொதிகளைத் தள்ளித் தள்ளி வரிசை நகர்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "என்னா செய்ய, எல்லாம் எங்க நேரம்" என்றாள்.

அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது எனக்கு வெடித்துவிட்டது. வரிசையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"நேரமில்லைத் தங்கச்சி. ஆக்கள் செய்தது. மேசையில இருந்து, பேனை பிடிச்சு, ஆக்கள் செய்தது."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். இப்படியொன்றை ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லைப்போல. மகன் பையைத் தூக்கிக்கொண்டு "வாம்மா" என்று கூப்பிட்டான். அவள் அசையவில்லை.

"ஆளுங்கன்னா, அதுல ஒருத்தராவது எங்கக்காகிட்ட வந்து, தப்பு பண்ணிட்டோம்னு சொல்லியிருக்கலாம்லக்கா?"

அதற்குள் அவளின் முறை வந்து, உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கேள்வியைத்தான் அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் வரவில்லை, அக்கா. வந்தால், உங்களை அடக்கின இடத்தைக் காட்ட நான் இருக்கிறேன்.