கழியைக் கீழே வைக்கும் வரை

ஜூலை 3, 2025, வியாழன்

வகுப்பு நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மந்தைவெளி மாடி ஹாலில் முப்பத்திரண்டு பெண் பிள்ளைகள், ஒரு மின்விசிறி கூட ஓடவில்லை. இருந்தும் விடவில்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி தி. நகர் சபாவில் ஆண்டு விழா. எங்கள் 'பாதம்' அறக்கட்டளைக்கு இருபத்தாறு வருடத்தில் சபா மேடை கிடைப்பது இதுதான் முதல் தடவை. ஃபீஸ் வாங்காத நாட்டியப் பள்ளி, ஹவுசிங் போர்டு பிள்ளைகள் ஆடும் இடம் என்று இதுவரை எங்களுக்கு வாய்த்ததெல்லாம் கல்யாண மண்டபமும் கோயில் பந்தலும்தான். கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறேன் இந்த மேடையை.

வகுப்பு முடிந்ததும் சாய்மா காத்துக்கொண்டு நின்றாள். "மிஸ், முழங்காலுக்குக் கீழ, எலும்புல வலிக்குது. ரெண்டு வாரமா." உன் வயதில் எனக்கு இடுப்பே கழன்று விழுகிற மாதிரி வலித்தது, உப்பு ஒத்தடம் கொடு, போய்விடும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். தில்லானாவில் நடுவில் நிற்கப் போகிறவள் அவள்தான்.

ஜூலை 8

இன்று ஒருத்தியும் லீவு கேட்கவில்லை. நல்ல நாள்.

ஜூலை 12

புதிதாகச் சேர்ந்த குட்டிகளுக்கு இன்று விதியைச் சொன்னேன். தட்டுக்கழியால் மரமணையில் மூன்று தட்டுத் தட்டினால், எங்கே இருந்தாலும், வாயில் பிஸ்கட் இருந்தாலும், இடுப்பில் கை வைத்து, முழங்கால் மடக்கி அரைமண்டியில் நிற்க வேண்டும். நான் கழியைக் கீழே வைக்கும் வரை யாரும் உட்காரக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். வேறு பள்ளிகளில் கெஞ்சிக் கூத்தாடுகிறார்கள். எனக்குக் கத்தவே வேண்டியதில்லை. மூன்று தட்டு போதும்.

வர்ஷினி சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் இதே ஹாலில் இதே விதியில் வளர்ந்தவள்; இப்போது எனக்கு உதவி ஆசிரியை. கே.கே. நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அது என்ன சிரிப்பு?

ஜூலை 24

நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வகுப்பு நடுவில் வந்து காதோரம் சொல்கிறாள் வர்ஷினி: "மிஸ், சாய்மா ஒரே கால்ல எடையைப் போடுறா. எக்ஸ்ரே எடுத்துட்டு வரட்டும். நடுவுல அனன்யாவை நிக்க வைக்கலாம்."

பதினாறு நாள் இருக்கிறது. அனன்யாவுக்குத் தீர்மானமே, அந்த முடிப்பு அடவுகளே, ஒழுங்காக வராது. "எல்லாத்தையும் மாத்து. அப்படியே என்னையும் மாத்திடு," என்றேன். பிள்ளைகள் காதில் விழுந்திருக்கும். விழட்டும். அடுத்த வருடம் வர்ஷினியை இயக்குநராக்கலாம் என்று தலைவர் ஸ்ரீனிவாசராகவன் இரண்டு டிரஸ்டிகளிடம் பேசியிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. அறுபத்தொன்று என்ன, சாகிற வயதா?

அதற்குப் பிறகு தில்லானாவை நான்கு முறை ஆட வைத்தேன். சாய்மா நான்கு முறையும் ஆடினாள். பார்த்தாயா, ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9, சனி — காலை

மல்லிப்பூ வந்துவிட்டது. உடைகள் இஸ்திரி போட்டு வந்துவிட்டன. சாய்மா காலில் பட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எல்லாம் சரி.

ஆகஸ்ட் 11

எழுதிவிடுகிறேன்.

மேடை ஓரத்தில் உட்கார்ந்து நான்தான் தாளம் போட்டேன். தில்லானாவின் பாதியில் சாய்மா என்னைப் பார்த்தாள். ஆடுகிறவள் சபையைப் பார்க்க வேண்டும், என்னைப் பார்க்கக் கூடாது. ஒரு முறை இல்லை, மூன்று முறை பார்த்தாள். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் கேட்டது.

கேட்டது என்ன என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் ஸ்ரீனிவாசராகவன், சபாக்காரர்கள், யாரோ ஒரு பத்திரிகைக்காரர். நான் தாளத்தை நிறுத்தவில்லை. தாளம் நிற்காமல் இந்தப் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

கடைசித் தீர்மானத்தில் இடது காலைத் தட்டினாள். சத்தம் மேடை ஓரம் வரை கேட்டது. சலங்கைச் சத்தம் இல்லை. விழுந்தாள். சுற்றி இருந்த ஏழு பேரும் அவளைத் தாண்டித் தாண்டி ஆடினார்கள், நான் கையை எடுக்கும் வரை. அதற்குள் தாளத்தில் எத்தனை ஆவர்த்தம் போட்டேன்? இரண்டா, மூன்றா? ஏன் எனக்கு நினைவில்லை?

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிருக்கிறது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே கீறல் இருந்திருக்கிறது, ஒரு மாதமாவது இருக்கும், யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அபிராமபுரத்தில் ஸ்ரீனிவாசராகவன் வீட்டில் டிரஸ்ட் கூட்டம். காபி வந்தது. காலேஜ் பிரின்ஸிபாலாக இருந்து ஓய்வு பெற்றவர், யாரையும் நோகடிக்காமல் பேசுவார். "நாளைக்கு யாராவது கேட்டா பதில் சொல்லியாகணும், சூடாமணி. கொழந்தை முன்னாடியே உங்ககிட்ட சொன்னாளா?"

இல்லை என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

வர்ஷினி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "நான் சொன்னேன்ல மிஸ். வகுப்புல, உங்க காதுகிட்ட வந்து சொன்னேன்." நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் பதவிக்கு ஆசைப்படுகிறவள் என்று இரண்டு டிரஸ்டிகளுக்கு ஏற்கெனவே நினைப்பு. நான் அதைத் திருத்தவில்லை. ஸ்ரீனிவாசராகவன் சாய்மாவுக்கே போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தார். "நான் யார்கிட்டயும் சொல்லலை சார். எனக்கே தெரியலை," என்றாள் அவள். குரல் மட்டும் ரொம்பச் சின்னதாக இருந்தது.

தினமும் பிள்ளைகளைத் தயார் செய்தவள் வர்ஷினிதான், அவள்தான் கவனித்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செருப்பை மாட்டும்போது என்னிடம், "போய்ட்டு வரேன் மிஸ்," என்றாள். பழக்கதோஷம்.

ஆகஸ்ட் 20

வகுப்புக்குப் பதினெட்டுப் பேர்தான் வந்தார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு சாய்மா வீட்டுக்குப் போனேன். எங்கள் மேடை உடைகளெல்லாம் அவள் அம்மா அமீனா பீ தைத்துக் கொடுப்பதுதான். போகும்போதும் மெஷினில் எங்கள் உடைதான் ஓடிக்கொண்டிருந்தது, குட்டிகளுடையது. சாய்மா சுவரோரமாக உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். "இன்னா மேடம் பண்றது, நம்ம நேரம் அப்டி கீது," என்று சொல்லிவிட்டு அமீனா பீ டீ போட உள்ளே போனார்.

அவர் நகர்ந்ததும் சாய்மா மெதுவாகச் சொன்னாள்: "சார் கேட்டாரு மிஸ். நான் உங்க பேரைச் சொல்லலை."

என்ன சொல்வதென்று தேடும்போது என் விரல் எதையாவது தட்டும், எத்தனையோ வருடப் பழக்கம். நாற்காலிக் கைப்பிடியில் தட்டினேன். மரம். ஒன்று, இரண்டு, மூன்று.

அவள் கை இடுப்புக்குப் போய்விட்டது. ஸ்டூலிலிருந்து காலை இறக்கிவிட்டாள். பாதி எழுந்துவிட்டாள், அந்தக் காலை ஊன்றி. அப்புறம்தான் கத்தினாள்.

அமீனா பீ ஓடி வந்து பிடித்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். வலியில் மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பெண், "சாரி மிஸ்," என்றாள். என்னிடம். சாரி கேட்கிறாள் என்னிடம்.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. குடை அங்கேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 25

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஜூலை 3. ஜூலை 24. என் கையெழுத்திலேயே இருக்கிறது எல்லாம். இரண்டு தாள், கிழித்தால் அரை நிமிஷம். ஜூலை 3-ஐப் பிடித்து இழுத்தும் பார்த்தேன், மேல் ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அப்புறம் விட்டுவிட்டேன். நல்லவள் ஆகிவிட்டேன் என்றில்லை. அந்தப் பெண் எழுந்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 26

முதலில் அமீனா பீயிடம் போய்ச் சொன்னேன். அதுதான் முறை என்று தோன்றியது. மெஷினை நிறுத்தாமல் கேட்டார். நான் முடித்த பிறகுதான் நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். "எம் புள்ள உங்களுக்கோசரம் பொய் சொன்னா. நீங்க பெரியவங்க, அத்தக் கேட்டுக்கினு குந்தினு இருந்தீங்க." அவ்வளவுதான் பேசினார். தைத்துக்கொண்டிருந்த குட்டிகளின் உடைகளைப் பாதித் தையலோடு ஒரு பையில் போட்டு, மேலே என் குடையையும் வைத்து, என் கையில் கொடுத்துவிட்டார். சாய்மா உள் அறையில் இருந்தாள். வெளியே வரவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு இந்த நோட்டை ஸ்ரீனிவாசராகவனிடம் கொடுக்கப் போகிறேன். முழுசாக. அவரைப் பற்றி எழுதியதையும் படிக்கட்டும்.

நவம்பர் 10, 2025, திங்கள்

புது நோட்டு. பழையது டிரஸ்ட் பீரோவில் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை.

உடல்நிலை காரணமாக விலகினேன் என்று பெற்றோர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. அப்படிப் போட வேண்டாம் என்றேன். "ஸ்கூல் பேரையும் பாத்துண்டாகணுமே," என்றார் ஸ்ரீனிவாசராகவன். வர்ஷினியைத் திரும்பக் கூப்பிட்டு இயக்குநராக்கியிருக்கிறார்கள். அவளுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சாய்மா ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாளாம். லேசாகச் சாய்ந்து நடக்கிறாள் என்று அனன்யா சொன்னாள். இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சலங்கையைப் பள்ளியிலேயே கொடுத்துவிட்டாளாம்.

இன்று மாலை மழை விட்டதும் மருந்து வாங்க மந்தைவெளிப் பக்கம் போனேன். பள்ளிக்கு எதிர்ப்புறம்தான் பஸ் ஸ்டாப். மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கழிச் சத்தம் கீழே வரை கேட்டது, நல்ல சீரான கை, நான் சொல்லிக் கொடுத்த கை. பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அடவின் நடுவில் கழி நின்றுவிட்டது.

நான் இருந்த வரை அந்த ஹாலில் அப்படி நின்றதே இல்லை. யாரோ ஒரு குழந்தை கை தூக்கியிருக்க வேண்டும். வலி என்றிருக்கலாம். தண்ணீர் கேட்டிருக்கலாம். வர்ஷினியின் குரல் ஏதோ கேட்டது, என்ன என்று காதில் விழவில்லை. ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை.

பஸ் வந்தது. ஏறவில்லை. திரும்பவும் தட்டு கேட்கும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.